கனவுக்கு ஒளி தந்தவர்: லயனல் வென்ட்

கொழும்பில் நாடகம் பார்ப்பவர்களுக்கு லயனல் வென்ட் என்பது ஒரு கலையரங்கின் பெயர். அந்தப் பெயருக்குரிய மனிதர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. அவரது வாழ்க்கையைச் சொல்வதோடு, 'விளங்காத படங்கள்' என்று நாம் ஒதுக்கிவிடும் சர்ரியலிசப் படைப்புகளை எப்படிப் பார்க்கலாம் என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

1900 டிசம்பர் 3 ஆம் திகதி பிறந்தவர் வென்ட். தந்தை பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசர். தாய் சிங்களவர். இளம் வயதிலேயே இருவரையும் இழந்தார். இங்கிலாந்து சென்று சட்டமும் பியானோவும் கற்று 1924 இல் நாடு திரும்பினார். அதே ஆண்டில்தான் பாரிஸில் அந்திரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டார். சட்டத்தொழில் வென்டின் மனதில் ஒட்டவில்லை. முதலில் இசையும், 1930களில் கமராவும் அவரை ஆட்கொண்டன. 1934 இல் பசில் ரைட் இயக்கிய 'இலங்கைப் பாடல்' ஆவணப்படத்தில் விவரணைக் குரலும் அவருடையதே.

சர்ரியலிசம் கனவின் போக்கில் பேசும் கலை. தெரிந்த பொருளைத் தெரியாத இடத்தில் வைத்து நம்மைத் திடுக்கிட வைக்கும். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும்போது, வீதி இருந்த இடத்தில் வானம் தெரிவதை நாவிதன்வெளியில் உள்ளவர்கள் அறிவோம். அந்தக் காட்சி தரும் உணர்வுக்கு அருகில்தான் இக்கலையும் நிற்கிறது.

இந்த விசித்திரம் புதியதும் அல்ல. 1500 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து ஓவியர் பொஷ், மனிதனை விழுங்கும் பறவைத்தலை உருவத்தை வரைந்தார். அவர் பாவத்தின் முடிவைக் காட்ட நினைத்தார் என்றே நான் கருதுகிறேன். 1931 இல் சல்வடோர் டாலி உருகி வழியும் கடிகாரங்களை வரைந்தார். அதில் உபதேசம் இல்லை. காலம் உறுதியானது என்ற நம் நம்பிக்கை மட்டும் ஆட்டம் காண்கிறது. இருவரும் தூரிகையால் செய்ததை வென்ட் இருட்டறையில் செய்தார். படம் கழுவும் வேளையில் ஒரு கணம் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் கருமையும் வெண்மையும் இடம்மாறும். உருவத்தின் விளிம்பில் ஒரு கோடு எழும். பாரிஸில் மான் ரேயும் லீ மில்லரும் கையாண்ட முறை இது. லீ மில்லர் என்ற பெண்ணுக்கு இதில் பங்கிருந்தும் புகழ் நெடுங்காலம் மான் ரேக்கே போய்ச் சேர்ந்தது. வென்ட் அந்த நுட்பத்தை இலங்கை முகங்களில் பயன்படுத்தினார். பல படங்களை ஒன்றாக இணைத்தும் பார்த்தார். வெளிநாட்டு உத்தி நம் மண்ணில் வேரூன்றியது என்பதே அவரிடம் நான் வியக்கும் பெருமை.

ஆனால் எனக்கு ஒரு குறையும் தென்படுகிறது. அவரது படங்களில் வரும் தொழிலாளர்கள் சிலைகளைப் போல மினுங்குகிறார்கள். அவர்களில் பலருக்குப் பெயர் இல்லை, களைப்பும் தெரிவதில்லை. வயலும் வரம்புமாக வாழும் ஊரில், வேளாண்மை வெட்டுபவரின் முதுகு வலிப்பதை அறிந்த எனக்கு, அந்த அழகு பாதி உண்மையாகவே படுகிறது.

வென்ட் பிறர் கலையையும் உயர்த்தினார். ஜோர்ஜ் கீற் போன்ற புதுமை ஓவியர்களைப் பலர் ஏற்காத காலத்தில் அவர்களுக்காக வாதாடினார். 1943 இல் அவரது முயற்சியால் '43 குழு' உருவானது. மறு ஆண்டு டிசம்பர் 19 அன்று, 44 வயதில் காலமானார். அவரது படங்கள் 1950 இல் நூலாக வந்தன. அவரது வீடு இருந்த நிலத்தில் எழுந்த கலையரங்கு 1953 இல் திறக்கப்பட்டது.

சித்திரப் பாடத்தில் தென்னையும் சூரிய உதயமும் வரைந்து பழகிய நமக்கு வென்டின் படங்கள் முதலில் அந்நியமாகவே இருக்கும். அப்படியொரு படம் கண்ணில் பட்டால், தோழிகளே, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் எவை எவற்றோடு சேர்க்கப்பட்டுள்ளன? எந்த நுட்பத்தால்? இதில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது? இந்த மூன்றையும் கேட்டபின் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் அது விமர்சனமாகும்.