பள்ளிக்கூட வாத்தியார் கட்டிய கால்பந்துக் கோஷ்டி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் போய்ப் பாருங்கள். மைதானத்தில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டு இருப்பார்கள். பக்கத்து டீக்கடையில் பெரியவர்கள் வாதம் செய்துகொண்டு இருப்பார்கள்.

இந்தியக் கால்பந்துக் கோஷ்டி தோற்ற மறுநாள் என்றால், வாதம் சூடாக இருக்கும்.

பயிற்சியாளரை மாற்றவேண்டும் என்பார் ஒருவர். வெளிநாட்டுக்காரரைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் மற்றொருவர். பழைய ஆட்டக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதிய பையன்களைப் போடவேண்டும் என்பார் மூன்றாமவர். டீ ஆறிப்போகும். வாதம் ஆறாது.

விழுந்துவிட்ட ஒரு கோஷ்டியை மீண்டும் எழுப்புவது எப்படி?

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னவர்கள் ஆயிரம் பேர். செய்து காட்டியவர் ஒருவர். அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். ஆட்டக்காரர்கள் அவரை "ரகீம் சாகிப்" என்றே அழைத்தார்கள்.

அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய கதை இன்றைக்கும் பாடமாக இருக்கிறது.

வாத்தியார் வேலை

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் மன்னரின் சீமை.

படிப்பிலும் கெட்டிக்காரர்; பந்திலும் கெட்டிக்காரர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். ஐதராபாத்தில் பல பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்றார்.

வகுப்பறையில் ஒரு வாத்தியார் என்ன செய்வார்? மந்தமான பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டமாட்டார். அவனுக்கு எது வரவில்லை என்று பார்ப்பார். வராததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்.

ரகீம் மைதானத்திலும் அதையே செய்தார். அவருடைய வெற்றியின் ரகசியம் அவ்வளவுதான்.

1943-ல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

அந்தக் காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஐதராபாத் போலீஸ் கோஷ்டியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஆனால், டுராண்ட் கோப்பைப் பந்தயத்தில் மோகன் பகானையே அந்தக் கோஷ்டி வீழ்த்தியது. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. நாடே திரும்பிப் பார்த்தது.

தங்கமும் தலைகுனிவும்

இந்தியக் கோஷ்டிக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் ரகீமுக்கு வந்தது.

1951-ல் டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானைச் சந்தித்தது. மேவாலால் போட்ட ஒரே கோலில் இந்தியா வென்றது. தங்கப் பதக்கம்! ஜனங்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது.

1952-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் நடந்தது. இந்தியாவின் எதிரி, யுகோஸ்லாவியா. ஆட்ட முடிவு 10-க்கு 1. இந்தியா வாங்கியது பத்து கோல், போட்டது ஒன்று. அந்த ஒன்றையும் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அகமது கான் போட்டார்.

நம்மவர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். குளிரில் கால் மரத்துப்போயிற்று. உள்நாட்டில் 90 நிமிடத்துக்குக் குறைவாகவே ஆடிப் பழகியவர்கள் அவர்கள். முழு நேரம் ஓடத் தெம்பு இல்லை. யுகோஸ்லாவியர்களோ பந்தைக் கட்டி அழவில்லை. வந்த பந்தை வந்த வேகத்திலேயே அடுத்தவருக்குத் தள்ளினார்கள்.

இன்று டீக்கடையில் நடக்கும் வாதம் அன்று நாடு முழுவதும் நடந்தது. யாரைத் தூக்குவது, யாரைப் போடுவது என்பதே பேச்சு.

கால்பந்துச் சங்கம் ஒரு கட்டளை போட்டது. இனிமேல் பூட்ஸ் அணிந்துதான் ஆடவேண்டும் என்பது அந்தக் கட்டளை.

ரகீம் இன்னும் ஆழமாகப் பார்த்தார். காலில் பூட்ஸ் மாட்டிவிட்டால் போதாது. கால் பழகிய பழக்கத்தையே மாற்றவேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

இரண்டு வைத்தியங்கள்

நம் ஆட்டக்காரர்களிடம் இரண்டு குறைகள் இருந்தன.

ஒன்று, பந்து கிடைத்தால் விடமாட்டார்கள். ஒருவரை ஏமாற்றி, இன்னொருவரை ஏமாற்றி, காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவார்கள். கூட்டம் கைதட்டும். பலம் வாய்ந்த வெளிநாட்டு எதிரி வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான்.

இதற்கு ரகீம் கண்ட வைத்தியம் விசித்திரமானது. பந்தை உருட்டிக்கொண்டு போகக்கூடாது என்ற விதியுடனேயே அவர் போட்டிகள் நடத்தினார். பந்து வந்ததும் அடுத்தவருக்குத் தள்ளியாகவேண்டும். வித்தைக்கு இடமே இல்லை.

இரண்டாவது குறை, பலர் வலதுகாலை மட்டுமே நம்பி ஆடினார்கள். இடதுகால் ஓடுவதற்கு மட்டும்தான். இதற்கும் தனிப் போட்டி வைத்தார். எந்தக் கால் பலவீனமோ, அந்தக் காலால்தான் உதைக்கவேண்டும்!

பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். பையன்களுக்கு இரண்டு காலும் பழகின.

ஆட்டக்காரர்களை நிறுத்தும் முறையையும் மாற்றினார். பின்னால் நான்கு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் நான்கு பேர். இந்த முறையில் ஆடித்தான் பிரேஸில் 1958-ல் உலகக் கோப்பையை வென்றது. உலகத்தின் போக்கைக் கவனித்து, அதை நம் ஊர்ப் பையன்களுக்குப் புரியும்படி சொல்லிக்கொடுத்தவர் ரகீம்.

தினம் ஒரு ரூபாய்

ஆட்டக்காரரைக் கண்டுபிடிப்பதிலும் அவர் மன்னர்.

செகந்திராபாத் அருகே அம்முகுடா என்ற ஊரில் ஒரு பையன் இருந்தான். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவன். ஏழைக் குடும்பம். பெயர் துளசிதாஸ் பலராம்.

அவனுடைய ஆட்டம் ரகீமின் கண்ணில் பட்டது. பயிற்சிக்கு வரும்படி கூப்பிட்டார். ஐதராபாத்துக்குத் தினமும் வந்துபோகப் பையனிடம் காசு இல்லை.

ரகீம் என்ன செய்தார், தெரியுமா? வாடகை சைக்கிளில் வருவதற்காகத் தினம் ஒரு ரூபாய் கொடுத்தார். ஒரு ரூபாய்க்கு மதிப்பு இருந்த காலம் அது. அவரோ வாத்தியார் சம்பளக்காரர்!

அந்தப் பையன் 1956-ல் ஒலிம்பிக் கோஷ்டியில் இடம் பெற்றார். இந்தியா கண்ட மிகச் சிறந்த முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனார். பலராம் 2023-ல் காலமானார்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார். முன்னணியில் ஆடி வந்தவர், பிறகு கோல் காவலர் ஆனார். ஆசியாவின் தலைசிறந்த கோல் காவலர் என்று பெயர் எடுத்தார். தங்கராஜும் ரகீமின் கோஷ்டியில் ஒரு தூணாக நின்றார்.

மெல்போர்னில் மறுபிறவி

பத்து கோல் வாங்கி நான்கே ஆண்டுகள். 1956-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஒலிம்பிக்.

ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா நேராக அடுத்த சுற்றுக்குப் போயிற்று. அங்கே எதிரி, ஆஸ்திரேலியா. சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால் ஆடிய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-க்கு 2 என்று தோற்கடித்தது. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். நான்காவது கோலைப் போட்டவர் கிட்டு என்று அழைக்கப்பட்ட ஜே. கிருஷ்ணசாமி.

அரை இறுதியில் மீண்டும் யுகோஸ்லாவியா! முதல் கோலை இந்தியாதான் போட்டது. பிறகு யுகோஸ்லாவியா விழித்துக்கொண்டு நான்கு கோல் போட்டது. மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, இந்தியா நான்காவது இடம் பெற்றது.

பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால், 10-க்கு 1 என்று மிதித்தவர்களை முதலில் அதிரவைத்தது அதே இந்தியாதான்.

1960-ல் ரோம் ஒலிம்பிக். பலம் வாய்ந்த ஹங்கேரியிடம் 2-க்கு 1 என்று மட்டுமே தோற்றோம். பிரான்சுடன் 1-க்கு 1 என்று சமமாக முடித்தோம். ரகீமின் மகன் சையத் ஷாகித் ஹக்கீமும் ரோம் சென்ற கோஷ்டியில் இருந்தார்.

ஜகார்த்தாவில் எதிர்ப்பு

1962-ம் ஆண்டு. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி.

இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. இது தவறு என்று ஒலிம்பிக் கமிட்டியைச் சேர்ந்த இந்தியர் ஜி.டி. சோந்தி ஆட்சேபித்தார். உடனே ஜகார்த்தாவில் இந்தியர்கள் மீது ஆத்திரம் மூண்டது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மைதானத்தில் நம்மவர்களைக் கண்டாலே கூட்டம் கூச்சல் போட்டது.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-க்கு 0 என்று தோல்வி.

ரகீம் கலங்கவில்லை. அடுத்து தாய்லாந்தை 4-க்கு 1 என்று வென்றார்கள். ஆனால், அந்த ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்தது. தையல் போட்டார்கள். ஜப்பானை 2-க்கு 0 என்று வென்றார்கள்.

அரை இறுதியில் தென்வியட்நாம். இங்கேதான் ரகீமின் மூளை வேலை செய்தது. காயம்பட்ட ஜர்னைல் சிங்கைப் பின்னால் நிறுத்தவில்லை. முன்னணியில் கோல் போடும் இடத்தில் நிறுத்தினார்! தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல் போட்டார். காப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு போட்டார். இந்தியா 3-க்கு 2 என்று வென்றது.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி, முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே தென்கொரியா. மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அவர்கள் முழுக்க முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்தினார்கள்.

காய்ச்சலில் இருந்து எழுந்து வந்த பீட்டர் தங்கராஜ் கோல் காவலுக்கு நின்றார். ஜர்னைல் சிங் மறுபடியும் முன்னணியில்.

17-வது நிமிடம். பி.கே. பானர்ஜி முதல் கோலைப் போட்டார். 20-வது நிமிடம். ஜர்னைல் சிங் இரண்டாவது கோலைப் போட்டார். தென்கொரியா கடைசி நேரத்தில் ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது.

2-க்கு 1. இந்தியாவுக்குத் தங்கம்! கத்திய கூட்டம் அடங்கிப்போயிற்று.

விளக்கு அணைந்தது

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ரகீமின் உடம்பைப் புற்றுநோய் அரித்துவிட்டது.

தங்கம் வென்ற ஒன்பது மாதத்தில், 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி அவர் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 53.

அவர் பழக்கிய ஆட்டக்காரர்கள் இருந்தவரை வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாவது இடம் பெற்றது. 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பதக்கமே வாங்கவில்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவும் இல்லை.

ரகீமையும் நாடு ஏறக்குறைய மறந்துவிட்டது. 2024-ல் "மைதான்" என்ற இந்திப் படம் வந்த பிறகுதான், பலர் அவருடைய பெயரையே கேள்விப்பட்டார்கள்.

டீக்கடைக்கு ஒரு பதில்

மீண்டும் டீக்கடைக்கு வருவோம்.

கோஷ்டியை எழுப்புவது எப்படி என்று இனிமேல் யாராவது கேட்டால், ரகீம் சாகிப்பின் கதையைச் சொல்லுங்கள். பத்து கோல் வாங்கிய பிறகு அவர் யார் மீது பழி போடலாம் என்று தேடவில்லை. எது வரவில்லை என்று தேடினார். அதைச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. தங்கத்துக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

பொறுமை இல்லாதவர்களுக்கு அது நீண்ட காலம். ஒரு வாத்தியாருக்கு அது ஒரு பையன் படித்து முடிக்கும் காலம்.

ஆவடி மைதானத்திலும் அம்பத்தூர் மைதானத்திலும் இன்று வலதுகாலால் மட்டும் உதைத்துக்கொண்டு இருக்கும் பையன் ஒருவன் இருப்பான். அவன் வீட்டில் பஸ்ஸுக்குக் காசு இல்லாமலும் இருக்கலாம். வாதம் செய்கிற பெரியவர்களில் ஒருவர் எழுந்துபோய், இடதுகாலால் உதைத்துக் காட்டு தம்பி என்று சொன்னால் போதும்.

ரகீம் ஆரம்பித்ததும் அங்கேதான்.