மரத்திடம் ரம்பத்தைக் கொண்டுபோனவர்

உங்கள் தோப்புக்கு மரம் அறுக்க வருகிறவர் கையில் ஆரஞ்சும் வெள்ளையுமான ஒரு மிஷின் இருந்தால், அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள். நம்மில் பலர் அதை உருக்கு என்ற பொருளில்தான் வாசிக்கிறோம். வேளாண்மைக் கல்லூரியில் படித்த நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்ற ஜெர்மன் பொறியாளர் அவர். அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இதை ஒரு நிறுவனத்துக்கான விளம்பரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல செயின்சா செய்கிற நிறுவனங்கள் இன்று பல உண்டு. ஆனால் செயின்சா வாங்க யோசனை கேட்டு என்னிடம் வருகிற விவசாயிகளில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை சிசி வாங்கலாம் என்பதுதான். எடை எவ்வளவு, பிரேக் இருக்கிறதா என்று கேட்பவர்கள் அரிது. ஸ்டீலின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விகளின் வரிசை மாறிவிடும் என்பதால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் 1896 நவம்பர் 10 அன்று ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிறந்தார். ஜெர்மனியில் ஐசனாக் நகரில் இயந்திரப் பொறியியல் படித்தார். 1926-ல், முப்பது வயதில், ஷ்டுட்கார்ட் நகரின் கான்ஷ்டாட் பகுதியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். ஆரம்பத்தில் அவர் கவனித்தது நீராவிக் கொதிகலன்களுக்கான அடுப்பு அமைப்புகளை. அந்த வேலையாக மரம் அறுக்கும் ஆலைகளுக்குப் போய்வந்தபோது, அங்கே நடப்பதைக் கவனித்திருக்கிறார்.

அப்போது ஜெர்மனியின் காடுகளில் மரம் வெட்டுவது கோடாரியாலும், இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பத்தாலும்தான். நம் ஊர்களிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை அப்படித்தான் இருந்தது. அந்த ரம்பத்தை இழுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு பெரிய புளியமரத்தை அறுத்து முடிக்கும்போது தோள்பட்டை என்ன பாடுபடும் என்று. வெட்டிய முழு மரத்தைக் காட்டிலிருந்து இழுத்துக்கொண்டு ஆலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆலையில்தான் இயந்திர ரம்பம் இருந்தது. மரத்தை ரம்பத்திடம் கொண்டுவருவதற்குப் பதிலாக ரம்பத்தை மரத்திடம் கொண்டுபோனால் என்ன என்பதுதான் ஸ்டீலின் யோசனை.

இந்த யோசனை வந்த முதல் ஆள் அவர் அல்ல. சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் கருவியை 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். ஸ்டீலின் காலத்திலேயே எமில் லெர்ப் என்ற இன்னொரு ஜெர்மானியர், 1927-ல், டோல்மார் என்ற மலையில் தன் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்தார். அதனால் செயின்சாவைக் கண்டுபிடித்தவர் என்று ஸ்டீலை மட்டும் சொல்வது சரியாகாது. ஆனால் ஒரு ஆள் தூக்கி வேலை செய்யக்கூடிய கருவியாக அதை மாற்றுவதற்கு விடாமல் உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

எடையோடு நடந்த போராட்டம்

1926-ல் அவர் செய்த முதல் ரம்பம் மின்சாரத்தில் ஓடியது. எடை 64 கிலோ. கிட்டத்தட்ட ஒரு வளர்ந்த ஆளின் எடை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துத்தான் இயக்க முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், காட்டுக்குள் மின்சாரம் இல்லை. ஆலை முற்றத்தில் கிடக்கும் மரத்தைத் துண்டு போடத்தான் அது உதவியது. இன்றும் நிலைமை ஓரளவு அதேதான். வயர் இழுத்து ஓட்டும் மின்சார செயின்சா விலை குறைவு, சத்தம் குறைவு, வீட்டுக் கொல்லையில் விறகு துண்டு போட அருமையானது. பம்புசெட் இணைப்பிலிருந்து வயர் இழுத்துக்கொண்டு தோப்பு முழுக்க அலைய நினைக்காதீர்கள். ஈரமான வரப்பில் அது ஆபத்து.

1929-ல் பெட்ரோல் இன்ஜினோடு மரத்தை நின்ற இடத்திலேயே அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்தார். ஆறு குதிரைத்திறன், 46 கிலோ எடை. இதற்கும் இரண்டு பேர் வேண்டும். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம். அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் ஜெர்மனியில் வியாபாரம் படுத்துவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் அவர் தன் மிஷின்களோடு வட அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் போய் ஆர்டர் பிடித்தார். பெரிய காடுகள் அங்கேதான் இருந்தன. மிஷினை விற்பதோடு, அதைப் பயன்படுத்துகிறவர் என்ன சிரமப்படுகிறார் என்று பார்த்துத் திருத்திக்கொண்டே வந்தார். ஓடும்போதே சங்கிலிக்கு எண்ணெய் தானாக விழும் ஏற்பாடும், ஆக்சிலேட்டரை விட்டால் சங்கிலி நின்றுவிடும் கிளட்சும் 1930-களில் இப்படி வந்தவை.

அவர் வாழ்க்கையின் அடுத்த பகுதி அவ்வளவு அழகானதல்ல. அதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையும் அல்ல. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஸ்டீல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்; எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினராக இருந்தார். போரின்போது குண்டுவீச்சில் கான்ஷ்டாட் தொழிற்சாலை சிதைந்தது. தொழில் வைப்லிங்கன் ஊருக்கு அருகே நாய்ஷ்டாட் என்ற இடத்துக்கு மாறியது. போர் முடிந்ததும் நேச நாடுகள் அவரைப் பிடித்துக் காவலில் வைத்தன. விடுதலையாகி வந்துதான் மறுபடி தொழிலை எடுத்து நடத்தினார். அவர் செய்த கருவி உலகத்துக்கே பயன்பட்டது என்பதால் இந்தக் கணக்கு அழிந்துவிடாது.

போருக்குப் பின் கொஞ்ச காலம் அவரது நிறுவனம் சிறு விவசாயிகளுக்கான டீசல் டிராக்டரும் செய்தது என்பது நம் பக்கத்து வாசகர்களுக்குச் சுவையான தகவல். பின்னர் அதைக் கைவிட்டு ரம்பத்திலேயே நின்றுவிட்டார்கள்.

1950-ல் வந்த ரம்பம்தான் திருப்புமுனை. ஒரே ஆள் இயக்கலாம். எடை 16 கிலோ. 1954-ல் அடுத்தது, 11 கிலோ. பெட்ரோல், இலேசு, சிறியது என்ற மூன்று ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகளையே அதற்குப் பெயராக வைத்தார்கள். அதே பத்தாண்டில் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. பழைய மிதவைக் கார்புரேட்டர் மிஷினைச் சாய்த்தால் இன்ஜினை நிறுத்திவிடும். டயாபிரம் கார்புரேட்டர் வந்ததும் படுக்கை வசமாகவோ செங்குத்தாகவோ எப்படிப் பிடித்தாலும் ஓடியது. மட்டமாக அறுத்து மரத்தைச் சாய்த்துவிட்டு, அதே மிஷினைத் திருப்பிக் கிளையைக் கழிக்க முடிந்தது.

1959-ல் கான்ட்ரா என்ற மாடல் வந்தது. இடையில் பல்சக்கரம் எதுவும் இல்லாமல் இன்ஜின் நேரடியாகச் சங்கிலியை ஓட்டியது. ஆறு குதிரைத்திறன், 12 கிலோ. 1929-ன் மிஷினும் ஆறு குதிரைத்திறன்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். முப்பது ஆண்டு உழைப்பில் சக்தி ஏறவில்லை. எடைதான் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கோடாரியை விடாமல் இருந்த காட்டுத் தொழிலாளர்கள் பலரும் அதன்பிறகுதான் மிஷினுக்கு மாறினார்கள்.

இதனால்தான் சிசி கேள்வியை முதலில் கேட்காதீர்கள் என்கிறேன். தென்னை மட்டை, முருங்கை, வேலியோரக் கிளை, விறகு இவற்றுக்கு 30 முதல் 40 சிசி வரை போதும். ஆண்டுக்குச் சில மரங்கள் சாய்க்க வேண்டியிருந்தால் 50 சிசி சுற்றி ஒன்று, 16 அல்லது 18 அங்குலப் பாருடன். அந்த அளவு மிஷின் ஐந்து கிலோ சுமாருக்குக் கிடைக்கிறது. கடையில் எரிபொருள் நிரப்பி, பாரும் சங்கிலியும் மாட்டி, இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் அது உங்களுக்கான மிஷின் இல்லை. நீளமான பார் கம்பீரமாகத் தெரியும்; ஆனால் இன்ஜினுக்குப் பாரம், நுனி எங்கே படுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

சீமைக்கருவேலம் அழிப்பதற்காகச் செயின்சா வாங்க வருகிறவர்களுக்கு நான் வேறு பதில் சொல்வேன். மேலே அறுத்தால் கட்டையிலிருந்து அது முன்னிலும் அடர்த்தியாகத் தழைக்கும். பொக்லைன் வைத்து வேரோடு எடுப்பதே வழி. எடுத்ததைத் துண்டு போடத்தான் ரம்பம். இளம் புதருக்கு வட்டத் தகடு மாட்டிய பிரஷ்கட்டர் போதும்.

புழு சொல்லித் தந்த பல்

இங்கே ஸ்டீலை விட்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்கு ஒரு நடை போய் வர வேண்டும். அக்காலச் சங்கிலிகளில் பழைய கை ரம்பத்தின் பற்களையே வைத்திருந்தார்கள். அவை மரத்தைச் சுரண்டின, சீக்கிரம் மழுங்கின. ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர் 1946-ல் ஒரு கட்டையைப் பிளந்தபோது, உள்ளே மரத்தைத் துளைக்கும் வண்டின் புழுவைப் பார்த்தார். அது இடமும் வலமுமாகத் தாடையை மாற்றி மாற்றி வைத்து, மரத்தைச் சீவிச் சீவித் தின்றது. அதைப் பார்த்து, ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் சீவும் பல் அமைத்து 1947-ல் சங்கிலி விற்கத் தொடங்கினார். நீங்கள் இன்று வாங்கும் சங்கிலியின் மூதாதை அதுதான். கூன்வண்டால் தென்னையை இழந்தவர்களுக்கு ஒரு வண்டின் புழுவைப் பாராட்டுவது கசப்பாக இருக்கும். என்ன செய்வது?

இந்தப் பல் மரத்தைச் சீவ வேண்டும். அறுக்கும்போது விழுவது சிறு சிராய்களாக இருந்தால் பல் கூராக இருக்கிறது. மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுக்கிறவர்தான் மிஷினையும் தன் முதுகையும் கெடுத்துக்கொள்கிறார். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் சங்கிலி அளவுக்கேற்ற உருண்டை அரத்தால் பல்லுக்கு இரண்டு மூன்று தேய்ப்பு கொடுங்கள். தென்னை மரத்தின் வெளிப்பகுதி கூரை வேகமாகத் தின்றுவிடும். மண்ணில் ஒரு நொடி பட்டாலும் போதும், அத்தனை பல்லும் போகும். கிடக்கும் மரத்தைத் துண்டு போடும்போது அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள்.

கையைக் காக்கும் வேலை

எடை குறைந்ததும் புதிய நோய் வந்தது. நாள் முழுக்கத் தனியாளாக மிஷின் பிடித்தவர்களுக்கு அதிர்வினால் விரல்களில் இரத்த ஓட்டம் குறைந்து வெளுத்தன, மரத்துப்போயின. 1960-களின் நடுவில் ஸ்டீல் நிறுவனம், கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் அமைப்பைக் கொண்டுவந்தது. நம் வெயிலில் விரல் வெளுப்பது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இரவில் கை மரத்துப்போகிறது என்று அறுவைத் தொழிலாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய மிஷின் வாங்கினால் இந்த ரப்பர்களைப் பாருங்கள். வெடித்துப்போயிருந்தால் மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து கிக்பேக். பாரின் நுனியின் மேல்பகுதி எதிலாவது பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் மிஷின் மேல்நோக்கி உங்கள் முகத்துக்கே திரும்பும். 2018-ல் கஜா புயலுக்குப் பின் பேராவூரணிப் பக்கம் சாய்ந்த தென்னைகளைக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த மரங்களுக்குள் நுனியை விட்டு அறுத்துக்கொண்டிருந்த இளைஞரின் இடது தோளில் ரம்பம் ஏறியது. துண்டை வைத்து அழுத்தியபடி பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். அந்தக் கை இன்றும் தலைக்கு மேல் உயராது. பிறகு மிஷினைப் பார்த்தேன். முன்கைக்கு எதிரே இருக்க வேண்டிய காப்பு இல்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ கழற்றியிருந்தார்கள். அந்தக் காப்புதான் செயின் பிரேக்கின் நெம்புகோல். மிஷின் திரும்பும்போது அது முன்னால் தள்ளப்பட்டுச் சங்கிலியை நொடிக்கும் குறைவான நேரத்தில் நிறுத்தும்.

ஸ்டீல் நிறுவனம் அந்தப் பிரேக்கைக் கொண்டுவந்தது 1972-ல். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே உலகில் அதிகம் விற்கும் செயின்சா அவருடையதாகியிருந்தது. பழுது பார்க்கத் தெரிந்த டீலர்கள் மூலமாகத்தான் மிஷினை விற்பது என்பதும் அந்த நிறுவனத்தின் வழக்கம். எந்தக் கம்பெனி மிஷின் வாங்கினாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சங்கிலியும் பிரேக் பட்டையும் கிடைக்குமா, பொருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா? இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம். பெட்ரோலில் டூ-டி ஆயில் எவ்வளவு கலப்பது என்பதையும் மிஷினோடு வரும் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றி இன்ஜினைச் சிறைபிடிக்க வைத்தவர்கள் நிறைய.

ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1973 ஜனவரி 14 அன்று காலமானார். மகன் ஹான்ஸ் பீட்டர் பொறுப்பேற்றார். கடைக்குப் போனால், இன்ஜினை அணைத்து வைத்துவிட்டு, முன்காப்பை முன்னால் தள்ளிப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். கையுறை போட்ட கையால் சங்கிலியை இழுத்தால் அசையக் கூடாது. அசைந்தால் மிஷினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.