ஒலெக் லோசெவ்

ஒலெக் விளாடிமீரொவிச் லோசெவ் (மே 10, 1903 – சனவரி 22, 1942) உருசிய அறிவியலாளர். இன்று எல்.இ.டி என்று வழங்கும் ஒளியுமிழ் இருமுனையத்தின் இயக்கத்தை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் இவரே ஆவார்.

வாழ்க்கை

லோசெவ் மாஸ்கோவுக்கு வடமேற்கே உள்ள திவேர் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்தபின் நீழ்னி நோவ்கொரத் வானொலி ஆய்வகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. ஆயினும் 1922 ஆம் ஆண்டில், தம் 19 ஆவது வயதில், துத்தநாக ஆக்சைடுப் படிகம் ஒன்றைக் கொண்டு வானொலிக் குறிப்பலைகளைப் பெருக்கிக் காட்டினார். வெற்றிடக் குழல் இல்லாத இந்த வாங்கி "கிரிஸ்டடைன்" எனப் பெயர் பெற்றது. திரான்சிஸ்டர் வருவதற்கு அப்போது இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன.

குளிர் ஒளி

சிலிக்கான் கார்பைடுப் படிகத்தின்மீது உலோக முனையை வைத்து மின்னோட்டம் செலுத்தியபோது, தொடுபுள்ளியில் மங்கலான ஒளி தோன்றுவதை லோசெவ் கண்டார். ஆங்கிலேயரான என்றி ரவுண்டு 1907 இலேயே இதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். அத்துடன் அது நின்றுவிட்டது. லோசெவ் அதை விடவில்லை. ஒளிரும் இடத்தில் ஒரு துளி பென்சீனை இட்டு, அது எவ்வளவு விரைவாக ஆவியாகிறது என்று பார்த்தார். துளி விரைந்து ஆவியாகவில்லை. ஆகவே ஒளிக்குக் காரணம் வெப்பம் அன்று என முடிவு செய்தார். மிக எளிய, அழகான சோதனை இது.

இந்த ஒளியை மிக விரைவாக ஏற்றி அணைக்க முடியும் என்பதையும் அவர் உணர்ந்தார். தந்திச் செய்திகளை ஒளி வழியாக அனுப்பும் "ஒளி அஞ்சல்" கருவிக்கு 1927 இல் விண்ணப்பித்து 1929 இல் காப்புரிமை பெற்றார்.

இறுதிக் காலம்

1938 இல் லெனின்கிராது அறிவியலாளர்கள், ஆய்வேடு கேட்காமலேயே அவருக்கு ஆய்வுப் பட்டம் வழங்கினர். மருத்துவக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்து வந்த அவர், செருமானியப் படைகள் நகரை முற்றுகையிட்ட காலத்தில் பட்டினியால் இறந்தார். வயது 38. அவரது கட்டுரைகள் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2007 இல் நிக்கலாய் செலுதேவ் எழுதிய கட்டுரையே அவரைப் பரவலாக நினைவுக்குக் கொண்டுவந்தது.

பின்னாளைய பயன்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியுமிழியை நிக் ஓலோனியாக் 1962 இல் உருவாக்கினார். வெண்ணிற விளக்கிற்கு வழிவகுத்த நீல ஒளியுமிழிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் 2014 இல் நோபல் பரிசு பெற்றனர்.

சென்னை அம்பத்தூர்ப் பகுதியின் பழைய அடுக்குமாடி வீடுகளில் கூரையோடு பதித்த சி.எஃப்.எல் விளக்குகளை மாற்றுவோர் இந்த வேறுபாட்டை நேரில் காணலாம். சி.எஃப்.எல் விளக்கினுள் பாதரச ஆவி உரிய அழுத்தத்தை எட்டினால்தான் முழு வெளிச்சம் கிடைக்கும். அதற்கு ஒரு நிமிடம் வரை ஆகலாம். படிகத்திற்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மாற்று விளக்கு வாங்கும்பொழுது வாட்டைவிட லூமென் அளவைப் பார்ப்பதே சரி: 18 வாட் சி.எஃப்.எல் தரும் ஏறத்தாழ 1,100 லூமெனை 11 வாட் எல்.இ.டி தந்துவிடும். இரண்டு அல்லது நான்கு ஊசி கொண்ட பழைய பொருத்திகளில் கூரைக்குள் சோக் இருக்கும். புதிய விளக்கு அந்தச் சோக்குடன் இயங்குவதா, அல்லது மின்பணியாளரைக் கொண்டு அதை நீக்கிய பின்னரே பொருத்த வேண்டியதா என்று உறையில் பார்த்துக்கொள்ள வேண்டும். முற்றிலும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் வெப்பம் தங்குவதால் உள்ளிருக்கும் மின்சுற்றின் ஆயுள் குறையும். படிகத்தின் ஒளி குளிர்ந்ததாயினும் அதைச் செலுத்தும் மின்சுற்று சூடாகவே செய்யும்.