விழியற்றோர்க்கு வழித்துணை தேடிய ஆசிரியர்

இறக்கக்கண்டிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் நேரத்தில் நீங்கள் நின்றிருந்தால், மனிதரைவிட நாய்களே கூடுதல் அக்கறையோடு வலையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மீன் துள்ளி விழுந்தால் ஓடிவரும், கல்லை எடுத்தால் விலகும், மறுபடியும் வரும். நம்மவருக்கு நாய் என்றால் ஒன்று வீட்டுக் காவலுக்கு, இல்லையேல் கல்லெறிக்கு. அந்தப் பிராணியை நம்பிக் கண் தெரியாத ஒருவர் தெருவில் இறங்கலாம் என்று, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஆசிரியர் பாடநூலில் எழுதி வைத்தார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் ஜோகான் வில்ஹெல்ம் கிளைன்.

இன்றைய ஜேர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள அலெர்ஹைம் என்னும் கிராமத்தில், 1765 ஏப்ரல் 11ஆம் நாள் பிறந்தார். படித்தது சட்டம். 1799இல் ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்கு வந்து, ஏழைகளைப் பராமரிக்கும் பணியில் அமர்ந்தார். அங்கேதான் பார்வையற்றோரின் நிலை அவர் நெஞ்சைத் தொட்டது. அக்காலத்தில் கண் இழந்தவருக்கு இருந்த வழி பெரும்பாலும் பிச்சை எடுப்பதுதான். இரக்கப்பட்டுக் காசு போடுவோர் பலர் இருந்தனர். இவர்களுக்கும் படிப்பு வரும் என்று எண்ணியவரோ மிகச் சிலர்.

1804 மே 13ஆம் நாள் ஜேக்கப் பிரவுன் என்ற பார்வையற்ற சிறுவனைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டு கிளைன் பாடம் சொல்லத் தொடங்கினார். கட்டடம் இல்லை, பாடநூல் இல்லை, முன்மாதிரி காட்ட அந்நாட்டில் வேறு பள்ளியும் இல்லை. ஒரு மாணவனோடு தொடங்கிய அந்த வீட்டுப் பள்ளிதான் வியன்னாவின் விழியற்றோர் கல்வி நிலையமாக வளர்ந்தது. 1805இலும் 1809இலும் நெப்போலியனின் படைகள் அந்நகரைக் கைப்பற்றிய காலத்தையும் அது தாண்டி வந்தது. ஊசி முனைகளால் கடதாசியில் எழுத்துகளைக் குத்தி, விரலால் தடவி வாசிக்கும் முறையொன்றையும் அவர் அமைத்தார். லூயி பிரெயில் தமது புள்ளி எழுத்தை வெளியிட்ட 1829ஆம் ஆண்டுக்கு முந்திய முயற்சி இது.

1819இல் அவர் வெளியிட்ட பாடநூலில்தான் நாயைப் பற்றிய பகுதி வருகிறது. நாய் துணை வருவது அதற்கு முன்பும் இருந்ததுதான். பாரிசில் புனித லூயி அரசர் முந்நூறு பார்வையற்றோருக்காக நிறுவிய இல்லத்திலும் நாய்களைப் பழக்கியிருந்தனர். வியன்னாவிலேயே சல்லடை செய்யும் பார்வையற்ற தொழிலாளி ஒருவர் தம் நாயை எவ்வளவு நன்றாகப் பழக்கினார் என்றால், அவருக்கு உண்மையிலேயே கண் தெரியாதா என்று ஊரார் ஐயப்பட்டார்களாம்! நம் வேதாகமத்தில் தோபித்து நூலை வாசித்தவர்களுக்கு, பார்வை இழந்த தந்தையின் மகன் தோபியாவோடு ஒரு நாயும் பயணம் போனது நினைவுக்கு வரும்.

கிளைன் செய்தது என்ன? தற்செயலாக நடந்துவந்ததை, கற்பிக்கக்கூடிய ஒரு முறையாக எழுதினார். பூடில் நாயும் மேய்ப்பு நாயும் இதற்கு ஏற்றவை என்றார். நாயின் உடலில் ஒரு வார் கட்டி, அதில் கயிற்றுக்குப் பதிலாக விறைப்பான ஒரு கோலைப் பொருத்தச் சொன்னார். இது சிறிய வேறுபாடு என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு தளர்ந்தால் நாய் நின்றதா, திரும்பியதா என்பது கைக்குத் தெரியாது. கோலைப் பிடித்தவருக்கோ நாயின் ஒவ்வோர் அசைவும் கையில் தெரியும். போகும் வழியை மனிதர் அறிவார். வழியிலுள்ள தடையை நாய் அறியும்.

இதில் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும், கண் தெரியாத பெரியவரின் கைத்தடி முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை முன்னே நடப்பதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! பெரியவர்மீது இரக்கப்படுகிறோம். அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்குப் போகவில்லை என்பது நமக்குத் தோன்றுவதில்லை. கண் இழந்தவர் ஒருவர், வழி இழந்தவர் இருவர்.

கிளைன் காலமெல்லாம் இதே பணியில் இருந்தார். வளர்ந்த பார்வையற்றோர் தொழில் செய்து வாழ ஓர் இல்லத்தையும் நிறுவினார். பார்வையற்றோர் கல்வியின் வரலாற்றை 1837இல் நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது 72. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருக்க வேண்டிய வயது! 1848 மே 12ஆம் நாள் காலமானார். அந்தச் சிறுவனை ஏற்றுக்கொண்டு 44 ஆண்டுகள் நிறைவதற்கு ஒரு நாள் குறைவு.

நாயைப் பற்றி அவர் எழுதியது முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக ஏட்டிலேயே கிடந்தது. முதல் உலகப் போரில் கண் இழந்த வீரர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பிய பிறகே, 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான முதற் பள்ளி திறக்கப்பட்டது. 1929இல் அமெரிக்காவிலும், 1931இல் இங்கிலாந்திலும் இப்பணி தொடங்கியது. இன்றும் அந்த நாய்களின் முதுகில் நீங்கள் காண்பது, கயிறு அன்று, விறைப்பான கைபிடிதான்.