சிறு வேடங்களில் சிறந்த நடிகை

ஆண்டு விழா நாடகத்திற்குப் பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அரசி வேடம் கிடைத்தவள் துள்ளிக் குதிப்பாள். தோழி வேடம் கிடைத்தவளோ முகம் வாடி நிற்பாள். அவ்வாறு வாடும் நமக்கு ஜப்பானிய நடிகை சுகிமுரா ஹருகோவின் வாழ்க்கை ஒரு நல்ல பாடம்.

இவர் 1909ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த இவரை ஒரு மர வியாபாரியின் குடும்பம் தத்தெடுத்து வளர்த்தது. பாடகியாக விரும்பிய இவர், டோக்கியோ இசைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். பின்னர் சொந்த ஊரில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் இசை கற்பித்தார்.

1927இல் டோக்கியோ சென்று சுகிஜி சிறு நாடக அரங்கில் சேர்ந்தார். ஹிரோஷிமா வட்டாரப் பேச்சு இவருக்குத் தடையாயிற்று. முதலில் கிடைத்தது ஆர்கன் வாசிக்கும் பெண்ணின் வேடமே. மனம் தளராமல் உழைத்தார். 1937இல் புங்காகுசா நாடகக் குழு தொடங்கியபோது அதில் சேர்ந்து, அதன் தூணாக விளங்கினார்.

1945 ஏப்ரலில், விமானக் குண்டுவீச்சுக்கு இடையே, 'ஒரு பெண்ணின் வாழ்வு' என்னும் நாடகம் டோக்கியோவில் அரங்கேறியது. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இவர் பிறந்த ஹிரோஷிமா அணுகுண்டினால் அழிந்தது. ஆயினும் கலைப்பணியை இவர் கைவிடவில்லை. அந்நாடகத்தின் நாயகியாக 1990 வரை 900 தடவைக்கு மேல் நடித்தார்.

மேடையில் நாயகியான இவருக்குத் திரையில் கிடைத்தவை பெரும்பாலும் துணை வேடங்களே. ஓசு யசுஜிரோ இயக்கிய 'டோக்கியோ கதை' 1953இல் வெளிவந்தது. அதில் மூத்த மகள் ஷிகேயாக வருபவர் இவரே. ஒனோமிச்சி என்னும் ஊரிலிருந்து தன்னைக் காண வந்த வயதான பெற்றோரைச் சுமையாக எண்ணுகிறாள் ஷிகே. தாய் பிழைக்கமாட்டாள் என்று அறிந்ததும் தேம்பி அழுகிறாள். அடக்கம் முடிந்த கையோடு, தாயின் ஆடைகளில் இன்னின்னது தனக்கு வேண்டும் என்கிறாள்! அவள்மீது நமக்குக் கோபம் வருகிறது. சற்றே சிந்தித்தால், அந்தக் குணம் நம்மிடமும் சிறிது ஒளிந்திருப்பது தெரிகிறது. பெற்றோரைப் போற்றச் சொல்லும் நான்காம் கட்டளை நம் நெஞ்சைத் தொடுகிறது. ஒரு துணை வேடத்தால் இவ்வளவு செய்ய முடிந்ததே!

1995இல் ஜப்பானிய அரசு அளிக்க முன்வந்த கலாசார விருதை இவர் ஏற்கவில்லை. பட்டத்தைச் சுமக்காமல், உழைக்கும் நடிகையாகவே இருக்க விரும்பினார். அதே ஆண்டில், தம் 86ஆம் வயதில், ஷிந்தோ கானேதோவின் திரைப்படத்தில் கதாநாயகியாகத் தோன்றினார். 1997 ஏப்ரல் 4ஆம் நாள், 88ஆம் வயதில் மறைந்தார்.

தோழியரே, அடுத்த ஆண்டு விழாவில் நமக்கு எந்த வேடம் கிடைத்தாலும் முகம் வாடாமல் ஏற்போம். அதை முழு மனத்துடன் செய்து முடிப்போம்!