கிட்டார் மீட்டத் தெரியாத கிட்டார் மன்னர்

மேல்நாட்டு இசையில் பழக்கம் உள்ளவர்களுக்கு பெண்டர் என்ற பெயர் நன்றாகத் தெரியும். மின்சாரக் கிட்டாரிலும், பேஸ் கிட்டாரிலும், அவற்றின் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிபயர் பெட்டியிலும் அந்தப் பெயர் பொறிக்கப்பட்டு இருக்கும்.

அந்தப் பெயருக்கு உரியவர், அமெரிக்கரான லியோ பெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தவரை அவர் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை!

அவர் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர். கணக்குப் படித்தவர். ஒரு கண் இல்லாதவர். ஆனாலும், 20-ம் நூற்றாண்டின் பாட்டு எப்படி ஒலிக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்களில் அவரும் ஒருவர்.

தோட்டத்து வீடு

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, கலிபோர்னியா மாகாணத்தில், அனஹைம், புல்லர்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே லியோ பிறந்தார். பெற்றோருக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. தோட்டத்தில் இருந்த களஞ்சியக் கொட்டகையில்தான் பிரசவம் நடந்தது.

8 வயதில் அவருடைய இடது கண்ணில் கட்டி உண்டானது. கண்ணையே எடுக்கவேண்டியதாயிற்று. அதன் பிறகு கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டார்.

சிறுவனாக இருந்தபோது பியானோ கற்றார். பிறகு சாக்சபோன் வாசித்துப் பார்த்தார். எதிலும் மனம் நிலைக்கவில்லை. மோட்டார் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்த்த ஒரு மாமா அவருக்கு இருந்தார். மாமாவின் கடையில் பார்த்த ரேடியோ அவரை மயக்கியது. பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் ரேடியோ ரிப்பேர் செய்யத் தொடங்கிவிட்டார்.

600 டாலர் கடன்

கல்லூரியில் அவர் படித்தது கணக்கு. ரேடியோத் தொழிலை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அது முழுக்க முழுக்கக் கைப்பழக்கம்.

முதலில் ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனார். பிறகு நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் ஆனார். 1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார்.

அது பொருளாதார நெருக்கடி நாட்டை வாட்டிய காலம். நெடுஞ்சாலைத் துறை வேலை போயிற்று. பிறகு கிடைத்த டயர் கம்பெனி வேலையும் போயிற்று.

1938-ல், 600 டாலர் கடன் வாங்கி, புல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை திறந்தார். அந்தக் கடைக்கு வாத்தியக்காரர்களும் வந்தார்கள். உடைந்த ஆம்ப்ளிபயர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கும்போது, அது எங்கே பழுதாகிறது, ஏன் பழுதாகிறது என்பது லியோவுக்குப் புரிந்தது. கூத்துக் கொட்டகைகளிலும் மதுக்கடைகளிலும் இரவு இரவாக வாசித்து, நாலு காசு சம்பாதிக்கும் மனிதர்கள் அவர்கள். பெட்டி பழுதானால் அன்றைய கூலி போய்விடும். இந்த உண்மையை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

கூட்டாளி விலகினார்

டாக் காப்மன் என்ற வாத்தியக்காரருடன் கூட்டுச் சேர்ந்து, 1945-ல் சிறு தொழில் தொடங்கினார். மடியில் வைத்து மீட்டும் மின்சாரக் கிட்டாரையும், அதற்குரிய ஆம்ப்ளிபயரையும் இருவரும் செய்து விற்றார்கள்.

தொழிலைப் பெரிதாக்க லியோ விரும்பினார். கடனுக்குப் பயந்த காப்மன், 1946-ல் விலகிக்கொண்டார். லியோ தனியாக பெண்டர் கம்பெனியை நிறுவினார்.

1950-ல் மரக்கட்டை உடம்பு கொண்ட மின்சாரக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதுவே பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. கழுத்துப் பகுதியை நான்கு திருகாணிகளால் முடுக்கியிருந்தார். கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். விலை உயர்ந்த கிட்டார்களைச் செய்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். வாங்கியவர்கள் சிரிக்கவில்லை!

பேஸ் கிட்டார் பிறந்தது

அக்காலத்துக் குழுக்களில், அடித்தள ஓசையைக் கொடுத்தது டபுள் பேஸ் என்ற வாத்தியம். வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். நின்றுகொண்டே வாசிக்கவேண்டும். காரில் ஏற்றுவதே பெரும்பாடு. இவ்வளவு பெரிய உடம்பு இருந்தும், முரசுகளும் மின்சாரக் கிட்டாரும் முழங்கும்போது அதன் குரல் எழும்பாது.

1951-ல் லியோ இதற்கு வழி கண்டார். நான்கு தந்திகள். கிட்டாரைப் போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். விரல் வைக்கும் பலகையில் கம்பிக் கட்டைகள் உண்டு. விரலை வைத்தால் சுரம் பிசகாது. அதனால், துல்லியம் என்ற பொருளில் பிரிசிஷன் பேஸ் என்று பெயர் வைத்தார். விலை 200 டாலருக்குச் சற்றுக் குறைவு.

சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் பேஸ் கிட்டார் பரவியது. தமிழ்ப் பட ரசிகர்களுக்கும் அது பழக்கமானதுதான். இளையராஜாவின் பாடல்களில் அடியில் ஓடிவரும் அந்தக் கனத்த இழை, பெரும்பாலும் பேஸ் கிட்டாரின் ஓசையே.

கனத்த ஓசைக்குக் கனத்த பெட்டி

பேஸ் கிட்டாரைச் செய்ததும் புதிய தொல்லை முளைத்தது. அதன் ஓசையைத் தாங்கும் ஆம்ப்ளிபயர் இல்லை!

சாதாரணக் கிட்டாரில் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸ் கிட்டாரில் மிகத் தாழ்ந்த தந்தி 41 தடவைதான் அதிர்கிறது. தாழ்ந்த ஓசையை மனிதக் காது எளிதில் வாங்குவதில்லை. அதைக் கேட்கச் செய்ய ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். அதற்கு அதிக மின்சாரம் வேண்டும். அதிக மின்சாரத்துக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். டிரான்ஸ்பார்மர் என்பது இரும்பும் செம்பும். காந்தமும் இரும்புதான். ஆக, ஓசை கனத்தால் பெட்டியும் கனக்கும்.

டபுள் பேசைத் தூக்கி அலுத்த வாத்தியக்காரரின் தோளில், வேறொரு சுமையை ஏற்றக் கூடாது. அவருடைய சட்டைப்பைக்கும் எட்டவேண்டும். கேட்கவும் நன்றாக இருக்கவேண்டும். காது, தோள், சட்டைப்பை ஆகிய மூன்றுக்கும் நடுவே லியோ வழி தேடினார்.

1952-ல் பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிபயரை வெளியிட்டார். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. சுமார் 26 வாட் சக்தி. பெட்டியை லேசான பைன் மரத்தால் செய்தார். பிரயாணப் பெட்டிகளுக்கு ஒட்டும் முரட்டுத் துணியை மேலே ஒட்டினார். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டும் தாளை உள்ளே ஒட்டிவைத்தார். எந்த ஊர் ரிப்பேர்க்காரரும் அதைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

ஒரு ஸ்பீக்கரா? நான்கா?

ஆனால் பேஸ்மேன் அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒரே ஸ்பீக்கர் முழுப் பாரத்தையும் தாங்கித் திணறியது.

1954-ம் ஆண்டுக் கடைசியில் அமைப்பை மாற்றினார். 15 அங்குல ஸ்பீக்கருக்குப் பதிலாக, 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை வைத்தார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு சிறிய ஸ்பீக்கர்களின் மொத்தப் பரப்பு, பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் பரப்பைப்போல ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு. காற்றைத் தள்ளும் பரப்பு கூடிற்று. பாரமும் நான்காகப் பிரிந்தது. சிறிய தட்டு விரைவாக அசையும். அதனால் தந்தியைச் சுண்டும் ஓசை பளிச்சென்று கேட்டது. பிறகு சக்தியும் 45 வாட் அளவுக்கு உயர்ந்தது.

புதிதாகச் செய்த பெட்டிகளை உள்ளூர் வாத்தியக்காரர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது லியோவின் வழக்கம். இரவில் அவர்கள் வாசிக்கும் இடத்துக்கே போய்விடுவார். குறைகளைக் கேட்டுக்கொண்டு வந்து, மறுநாள் பட்டறையில் மாற்றுவார். தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், வாசிக்கத் தெரிந்தவர்களின் காதை நம்பினார்.

எதிர்பாராத புகழ்

பேஸ்மேனில் ஒரு வேடிக்கை நடந்தது. பேஸ் வாசிப்பவர்களைவிட, சாதாரணக் கிட்டார் வாசிப்பவர்கள்தான் அதன்மேல் மோகம் கொண்டார்கள்.

சுத்தமான ஓசை வேண்டும் என்று லியோ பாடுபட்டார். ஆனால் அந்தப் பெட்டியை முழு வேகத்தில் முடுக்கினால், ஓசை சற்றே கரகரத்து, பாடகரின் தொண்டைபோல உணர்ச்சியோடு ஒலித்தது. கிட்டார்காரர்களுக்கு அதுவே பிடித்தது.

இங்கிலாந்தில் அமெரிக்கச் சரக்கு விலை அதிகம். லண்டனில் முரசுக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் பேஸ்மேனின் மின்சுற்றைப் பின்பற்றித் தம் முதல் ஆம்ப்ளிபயரைச் செய்யவைத்தார். மார்ஷல் பெட்டிகள் ராக் இசையின் அடையாளமாயின. பேஸ் வாசிப்பவருக்காகப் பிறந்த பெட்டிதான் அவற்றுக்குத் தாய்!

பேஸ் வாசிப்பவர்களின் தேவையோ வளர்ந்துகொண்டே போயிற்று. 1969-ல் ஆம்பெக் கம்பெனி 300 வாட் ஆம்ப்ளிபயர் ஒன்றைக் கொண்டு வந்தது. ஓசை மலைபோல் எழும்பியது. எடையும் அப்படித்தான். ஸ்பீக்கர் பெட்டி இல்லாமலே 35 கிலோவுக்கு மேல்.

1 கோடியே 30 லட்சம் டாலர்

இதற்கிடையில் லியோவின் உடல்நலம் கெட்டது. சைனஸ் தொற்று ஆண்டுக்கணக்கில் வாட்டியது. இனிப் பிழைக்கமாட்டோம் என்று எண்ணி, 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். கிடைத்த விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். 600 டாலர் கடனில் தொடங்கிய தொழில் அது!

விற்ற பிறகு வேறொரு டாக்டர் புதிய மருந்து கொடுத்தார். நோய் பறந்துவிட்டது. உடம்பு தேறியது. ஆனால் கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது.

புதிய முதலாளிகள் 1966-ல் வால்வுகளை நீக்கி, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களைக் கொண்டு வந்தார்கள். அவை நாகரிகமாக இருந்தன. ஆனால் அடிக்கடி பழுதாயின. ஓசையும் வாத்தியக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. லியோ காலத்திலிருந்தே ஆலையை நடத்திவந்த பாரஸ்ட் ஒயிட், அந்தச் சரக்குக்குச் சம்மதிக்க மனமில்லாமல் வேலையை விட்டு விலகினார். 1971-ல் அந்த வரிசையே நிறுத்தப்பட்டது.

மீண்டும் பட்டறை

லியோவால் சும்மா இருக்க முடியவில்லை. பாரஸ்ட் ஒயிட்டும் டாம் வாக்கரும் தொடங்கிய மியூசிக் மேன் கம்பெனியில் சேர்ந்து, 1975-ல் அதன் தலைவரானார். அங்கே வந்த ஆம்ப்ளிபயர்களில் முன்பகுதி டிரான்சிஸ்டர், பின்பகுதி வால்வு. இரண்டின் நன்மையையும் சேர்க்கும் முயற்சி அது.

1976-ல் வந்த ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரில், ஓசையைச் சீர்செய்யும் சிறு மின்சுற்று வாத்தியத்தின் உள்ளேயே வைக்கப்பட்டது. அதற்கு ஒரு பாட்டரி போதும்.

1979-ல் மனைவி எஸ்தர் காலமானார். அடுத்த ஆண்டு பில்லிஸ் என்ற பெண்ணை மணந்தார். பழைய நண்பர் ஜார்ஜ் புல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்டு எல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் பற்றிய பிறகும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை.

1991-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, புல்லர்டனில் லியோ காலமானார். வயது 81. அடுத்த ஆண்டு, ராக் இசைப் பெருமக்களின் வரிசையில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

சுமை குறைந்தது

லியோ தேடிய லேசான பெட்டி, அவருக்குப் பிறகுதான் முழுமையாகக் கைகூடியது. பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாகச் சிறிய மின்சுற்று வந்தது. வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைத் திறந்து மூடும் முறையால் சூடு குறைந்தது. கனத்த காந்தத்தின் இடத்தில் நியோடைமியம் என்ற சக்தி மிக்க சிறு காந்தம் வந்தது. சில நூறு வாட் சக்தியை இரண்டு மூன்று கிலோ பெட்டியில் அடக்கிவிடுகிறார்கள்.

பெண்டர் கம்பெனியின் ரம்பிள் 500 என்ற பேஸ் ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர்களோடு சேர்த்தே சுமார் 17 கிலோதான். தனியாக 350 வாட் கொடுக்கிறது. 45 வாட் பேஸ்மேனின் எடை 20 கிலோவுக்கு மேல்.

ஆனால் வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார். வாட்டைப் பத்து மடங்கு கூட்டினாலும், காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தெரியும். அதே மின்சாரத்தில் அதிகமாக முழங்கும் ஸ்பீக்கர் கிடைத்தால், சிறிய ஆம்ப்ளிபயரே போதும். நெருக்கமாகச் செய்த புதிய மின்சுற்றுகளை மூலைக்கடை ரிப்பேர்க்காரர் எளிதில் சரிசெய்ய முடிவதில்லை. மலிவாக வாங்கிய பெட்டி, ஒரு பழுதில் முழுதும் வீணாகலாம். விலையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

புல்லர்டன் ரேடியோக் கடைக்காரர் 1938-லேயே கற்றுக்கொண்ட பாடம் அது. எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்னால், யார் தூக்கப் போகிறார், யார் ரிப்பேர் செய்யப் போகிறார் என்று அவர் கேட்டார். கிட்டார் வாசிக்கத் தெரியாத அந்த மனிதரின் பெட்டிகளை, 70 ஆண்டுகள் கழித்தும் சரிசெய்து, வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.