ஆழிக்குமரன் ஆனந்தனும் அந்தக் குளிர்ந்த கடலும்

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பயின்ற காலத்தில், மன உறுதிக்கு உதாரணம் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் எமது உடற்கல்வி விரிவுரையாளர் ஒரே பெயரைத்தான் சொல்வார்: ஆழிக்குமரன் ஆனந்தன். நானும் ஆசிரியரான பிறகு அதே கதையை அதே விதமாகவே மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். அதன் கடைசிப் பகுதியை மட்டும் ஒரு வரியில் முடித்து விடுவேன். சென்ற வருடம்தான் அந்தப் பகுதியில் நின்று யோசிக்க நேர்ந்தது.

ஆனந்தன் 1943இல் பிறந்தவர். ஊர் வல்வெட்டித்துறை. கடலோடிகளின் ஊர் அது. அவர் சிறுவனாக இருந்த 1954ஆம் ஆண்டு, பக்கத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அந்தச் செய்தி கேட்ட கரையோரப் பையன்களில் எத்தனை பேர் அன்றிரவு தூங்கினார்களோ தெரியாது.

படித்துச் சட்டத்தரணியான ஆனந்தன் 1971இல் தலைமன்னாரில் இறங்கி தனுஷ்கோடி வரை நீந்தி, திரும்பவும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். ஒரு வழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போக வர 51 மணித்தியாலங்கள். ஆழிக்குமரன் என்ற பெயரிலேயே எமது மக்கள் இன்றும் அவரை அறிவார்கள்.

அதன் பின்னர் ஒரு சாதனை முடிய அடுத்தது. ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 187 மணித்தியாலம் சைக்கிள் ஓட்டினார். ஒற்றைக் காலில் நிற்பதால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் உடம்பு போதும் என்று கெஞ்சும்போது அதைக் கேட்காமல் இருக்க அவர் பழகிக்கொண்டார் என்பது விளங்குகிறது. 1981இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலம் காலடித்து மிதந்தபடியே இருந்தார்.

மிஞ்சியிருந்தது ஆங்கிலக் கால்வாய். வரைபடத்தில் பார்த்தால் பெரிய தூரமல்ல, ஆகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் சொச்சம்தான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் போய் வந்தவருக்கு அது என்ன? ஆனால் எமது கடலின் சூடு 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, ஆகஸ்டிலும் கால்வாய் நீர் 15 முதல் 18 பாகைதான். காற்றை விட நீர் இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்தெடுக்கும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது குளிர்விறைப்பு நிலை. முதலில் விரல்கள் விரியும், ஒன்று சேரா. பிறகு கை வீச்சுக் குறையும், பேச்சுக் குழறும். மூளையும் குளிர்ந்து விடுவதால், தான் ஆபத்தில் இருப்பது நீந்துபவருக்கே தெரியாது. தன்னால் முடியும் என்று கையசைப்பார். அங்குள்ள விதிப்படி யாராவது அவரைத் தொட்டாலே அந்த முயற்சி செல்லாது. ஆகவே படகில் இருப்பவர்களும் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தயங்குவார்கள்.

1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி, கடும் குளிரில், அந்தக் கால்வாயை நீந்தும் முயற்சியிலேயே ஆனந்தன் உயிர் நீத்தார். வயது 41.

சென்ற வருடத்துக்கு வருகிறேன். உயர்தரம் படிக்கும் எமது மாணவன் ஒருவன் நெடுந்தூரக் கடல் நீச்சலுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் காலை பாதித் தூரத்தில் நின்று, மூச்சு வாங்குகிறது சேர் என்றான். கரையில் நின்ற நான் ஆனந்தனின் பெயரைச் சொல்லித்தான் அவனை மறுபடி நீந்த வைத்தேன். கரையேறியபோது இருமினான். நுரையாக வந்தது, அதில் இளஞ்சிவப்பு நிறம். உப்புத் தண்ணீர் குடித்திருப்பான் என்று நினைத்தேன். அவனது உம்மாதான் என் பேச்சைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அல்லாஹ்வின் உதவியால் இரண்டு நாளில் தேறி வந்தான்.

அவன் தண்ணீர் குடித்திருக்கவில்லை. நீருக்குள் இருக்கும்போது கை கால்களின் இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. அதோடு கடுமையாக நீந்தும்போது நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, இரத்தத்தின் நீர் காற்றுப் பைகளுக்குள் கசிகிறது. குளிர் நீரில் இது அதிகம். சூடான கடலிலும் வரும். நல்ல தேகசுகம் உள்ளவர்களுக்கும் வரும், ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே நீரை விட்டு வெளியே எடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, ஒட்சிசன் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டு போவது. நான் செய்தது அதற்கு நேர் எதிர்.

வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எத்தனை நிமிடம் கழித்து அவனை வெளியே எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியும், சொல்ல வாய் வரவில்லை.

இப்போது பயிற்சி நாட்களில் நான் கரையில் நிற்பதில்லை. மீனவர் ஒருவரின் படகில் கூடவே போகிறேன். அரை மணிக்கொரு தடவை ஒவ்வொருவரிடமும் பெயரையும் கிழமையையும் கேட்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். பதில் தடுமாறினால் படகில் ஏற்ற வேண்டும், இருமல் வந்தாலும் அப்படியே. அதில் அவர்களுடைய சம்மதம் கேட்பதில்லை. அந்த மாணவன் மறுபடி கடலில் இறங்கக் கேட்டு வந்தான். இதய வைத்திய நிபுணரைப் பார்த்து விட்டு வா என்றேன். திகதி கிடைத்திருக்கிறதாம், அடுத்த மாதம்.

ஆனந்தனின் கதையை இன்னும் சொல்கிறேன். 1971க்குக் கொடுக்கும் அளவு நேரத்தை 1984க்கும் கொடுக்கிறேன்.